கூட்டிப்போக வருகிறவர்கள்

ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்த கணவர், இரண்டு மூச்சுக்கு நடுவில் இடம் பார்த்துக் கேட்டார்.

"என்ன கலர்?"

தினமும் காலையில் இந்தக் கேள்வி உண்டு. அவர் பாதி ஆயுளைப் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கழித்தவர். பழைய சுவரிலிருந்து நகக்கண் அளவு பெயர்த்துக்கொண்டு வந்து காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் இறக்கிக் கொடுத்துவிடுவார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'கலர்' என்றாகிவிட்டது. வியாதி வந்த பிறகு தன் சிறுநீருக்கும் வார்னிஷ் பெயர்களாக வைத்துவிட்டார். நல்ல நாளில் இளந்தேக்கு. உடம்பு படுத்தினால் கருந்தேக்கு. மஹோகனி வந்தால் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். காலையில் ஜாடியைப் பார்க்கும்வரை அவளுக்குத் தொண்டையில் ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது.

"என்ன கலர்னு கேட்டேனே."

"ஒண்ணுமே இல்லங்க. ஜாடி காலி."

"ராத்திரி பூராவுமா?"

"ராத்திரி பூராவும்."

கலர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சரி" என்றார். "கடையை மூடிட்டாங்க."

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்; சிரிப்பு இருமலானது, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே ஜாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சிறுநீரகம் நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று டாக்டர் இரண்டு பேருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அவர் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே வைத்தது. அறை அமைதியாக இருந்தால் அது மூடுகிற சத்தம் வெளியே கேட்கும். இருட்டில் அப்பா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று மகள் அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாள். இவளுக்கும் அது பழகி, அது கேட்டால்தான் தூக்கம் என்று ஆகியிருந்தது. வருஷக்கணக்கில் ஒழுங்காக வேலை பார்த்த வால்வில் சென்ற வருஷம் ஓரத்தில் தையல் விட்டது. விட்ட இடுக்கு வழியாக ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போக, போகிற வேகத்தில் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்தன.

அதைப் புரியவைத்தவர் ரத்த டாக்டர். இளவயதுப் பெண்மணி, பேசும்போது பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கலரின் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் சிவப்பணுக்கள் படிந்திருந்தன. மேலே தெளிந்து நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டுமாம். கலருக்கு அந்த நீரும் சிவந்திருந்தது.

"பழுப்பு ஓடியிருக்கே டாக்டர். செங்கல்பொடி ஷேடு" என்றார் கலர்.

டாக்டர் பேனாவை மூடினார். "கரெக்ட். ஹீமோகுளோபின் அணுக்குள்ள இருக்கற வரைக்கும் நல்ல பிள்ளை. அதுல இரும்பு இருக்கில்லையா, தினமும் கொஞ்சம் துருப்பிடிக்கத்தான் செய்யும். உள்ளேயே அதைத் திருப்பிச் சரிபண்ற ஏற்பாடு இருக்கு. அணு உடைஞ்சு வெளிய வந்துட்டா அந்த ஏற்பாடு கிடையாது. மழையில போட்ட இரும்பு மாதிரி ஆயிடும். தானும் கெட்டு, ரத்தக்குழாய், கிட்னின்னு தொட்டதையெல்லாம் கெடுத்துடும்."

"உடையறது எனக்கு மட்டும்தானா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் உடையும். அதுக்குத்தான் உடம்பு ஆள் வெச்சிருக்கு. ஹாப்டோகுளோபின்னு பேரு. ஈரல் செஞ்சு அனுப்பும். வெளிய வந்த ஹீமோகுளோபினை அது கெட்டியாப் பிடிச்சுக்கும். அந்தப் பிடியில இருக்கற வரைக்கும் அதால யாருக்கும் கெடுதல் பண்ண முடியாது. அப்படியே கொண்டுபோய் ஈரல்லயும் மண்ணீரல்லயும் ஒப்படைச்சுடும்."

"ஒப்படைச்சுட்டுத் திரும்பி வந்துடுமா?" கேட்டது அவள்.

"வராதும்மா. ரெண்டும் சேர்ந்தே போயிடும். ஈரல் புதுசாத்தான் செஞ்சு அனுப்பணும்."

அவளுக்கு மழலையர் பள்ளி ஒன்றில் வேலை. மணி அடித்ததும் வாசல் கேட்டில் நின்று, பிள்ளைகளை ஒவ்வொன்றாக வந்தவர் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கையை இவள் விடுவதும் அவர்கள் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி சும்மா விட்டால் பிள்ளை ரோட்டில் நிற்கும்.

"எங்க ஸ்கூல் கேட் மாதிரி இருக்கு" என்றாள். "கூட்டிட்டுப் போக வர்றவங்க கம்மியா இருந்து, பிள்ளைங்க மட்டும் குபுகுபுன்னு வெளிய வந்துட்டா…"

"அதேதான். இவருக்கு டெஸ்ட்ல அந்த ஆட்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஒருத்தர்கூட மிச்சமில்ல. அவங்க கையிலருந்தும் தப்பிச்சு, உடைஞ்சு, இரும்புத் துண்டு மட்டும் அலைஞ்சா அதைப் பிடிக்க இன்னொருத்தர் இருக்கார். அவரும் ஓய்ஞ்சுட்டார்."

அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கலர், "எனக்குள்ள தினமும் ஸ்கூல் விடுது. கூட்டிட்டுப் போகத்தான் ஆளில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று இவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ரத்தம் ஏற்றினார்கள், ஏற்றியதும் உடைந்தது. இருதயம் தளர்ந்தது. மூச்சு முட்டி, படுக்க முடியாமல் போனது. உட்கார்ந்தபடியே கண்ணயர்வார், தலை சாய்ந்தால் திணறி விழிப்பார். அவர் தலையைப் பிடிக்க இவளும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கோழித்தூக்கம் போடுவாள். வால்வைத் திரும்பத் தைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, தைக்கிற அளவுக்கு அங்கே சதையில் பலம் இல்லை என்று அறுவை டாக்டர் கையை விரித்துவிட்டார். "அப்ப நான் என் வீட்டுலயே இருக்கேன்" என்று கலர் சொன்னார். அவர் சொன்னதற்கு இவள் தலையாட்டினாள். ரத்த டாக்டர் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தார்.

ஜாடி காலியாக இருந்த அந்தக் காலையில்தான் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

இறங்கியவள் கலரின் அக்கா. தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவசரத்தில் அதைக் கழற்றவும் மறந்து வந்திருந்தாள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால், தம்பி விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"கிளம்புடா" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல பேசிட்டேன். அங்க ஒரு டாக்டர் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்."

"அக்கா, உக்காரு."

"உக்கார நேரமில்ல. தையல் விட்டுப்போச்சுன்னா திரும்பத் தைக்கணும். இதுக்குக் கூடவா ரெண்டு பேரும் யோசிச்சுக்கிட்டு இருக்கீங்க? ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா? இவன் வேணாம்னா விட்டுடறதா? சின்னப்பிள்ளை மருந்து வேணாம்னு சொன்னா விட்டுடுவோமா?"

கலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. என்றைக்காவது பழக்கமில்லாத ஒருவர் கேட்டுக்கு வந்து, "நான் இவங்க பெரியம்மா, கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்பார். உண்மையாகவும் இருக்கும். பிள்ளை வந்தவரைப் பார்க்காது. இவள் முகத்தைத்தான் பார்க்கும்.

அவள் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணி, அவர் வரல."

"அவன் வாயால சொல்லட்டும்."

"அவர் சொல்லி முடிச்சாச்சு அண்ணி. இப்ப நான் சொல்றேன். அவர் இங்கேயேதான் இருப்பார்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து நாத்தனாருக்கு எதிரே அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போதும் உயரவில்லை. பின்னால் கையை நீட்டிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வெளியே போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்து, இவளுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

வெயில் ஏறியது. நாத்தனார் தம்பியின் வீங்கிய பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, எழும்பாமல் நின்றது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் போர்வையை இழுத்து மூடினாள்.

"அக்கா" என்றார் கலர். "சட்டை தொளதொளங்குது. பிடிச்சுக் குடேன்."

"எந்தச் சட்டைடா?"

"வெள்ளையில கோடு போட்டது. போட்டுக்கிட்டா கொடியில காயற மாதிரி இருக்கு."

நாத்தனாருக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து வந்தாள். கழுத்து நாடாவை உருவி அவர் தோளையும் நெஞ்சையும் அளந்தாள். அளந்ததை இரண்டாம் முறை அளந்து பார்த்துவிட்டு சட்டையை உள்பக்கம் திருப்பினாள். கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். சின்ன வயதில் அவள் தன் பள்ளிச் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தந்ததைப் பார்ப்பது போலக் கலர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். வால்வு மூடும் சத்தம் காதுக்கருகில் கேட்டது. ஒழுங்கில்லாமல், நின்று நின்று, மறந்துபோய் நினைவு வந்தது போல.

நூல் துணிக்குள் போகிற மெல்லிய சத்தம் இவளுக்குத் தனியாகக் கேட்டது. அதற்கு முன்னால் அந்த அறையில் அதைக் கேட்க முடிந்திருக்காது.

நாத்தனார் ஊசியை நிறுத்தி நிமிர்ந்தாள். "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணி."

இவள் தோள்கள் இரண்டும் தாமாகத் தாழ்ந்தன. நெடுநாள் தூக்கிச் சுமந்த குடத்தை யாரோ பின்னாலிருந்து இறக்கி வைத்தது போல முதுகு லேசானது. அவ்வளவு சுகமாக இருந்ததில் அவளே பயந்துபோனாள். இவர் போய்விட்டார், எனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று நினைத்தபடியே தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினாள். நாத்தனார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, இருவருமாக அவரை மெல்லச் சாய்த்துச் சமமாகப் படுக்க வைத்தார்கள். திணறல் இல்லை, இருமல் இல்லை. கால் கட்டில் முனைவரை நீண்டது. இவ்வளவு உயரமான மனுஷன் என்பதே மறந்து போயிருந்தது.

"படுத்துட்டான் பாரேன்" என்றாள் நாத்தனார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் முகம் மாறிவிட்டது. "காலைல நீ விட்டிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்திருப்பான். குறுக்க வந்து நின்னியே. புருஷன்காரன் மேல உனக்கு மட்டும்தான் உரிமையா? நான் யாரு? இதுக்கு என்ன பதில் சொல்லப்போற?"

இவள் போனை எடுத்து ரத்த டாக்டரைக் கூப்பிட்டாள். "டாக்டர், அவர் போயிட்டார்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் அவன் அக்கா பேசறேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலைல கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தே பேசுவது அவள் வழக்கம். டாக்டர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ராத்திரி யூரின் போச்சாம்மா?"

நாத்தனார் இவளைப் பார்த்தாள். இவள் தலையை அசைத்தாள்.

"இல்லையாம்."

"அப்ப கிட்னி நின்னாச்சு. கொண்டு வந்திருந்தா குழாயை மாட்டி, மெஷினைப் போட்டு, நாலஞ்சு நாள் இழுத்திருப்போம். பேசியிருக்க மாட்டார். உங்களை உள்ள விட்டிருக்க மாட்டாங்க. பிழைச்சிருக்க மாட்டார்மா. இதை அவர்கிட்டயும் சொல்லியிருந்தேன்."

நாத்தனார் போனை வைக்கவில்லை. அவளுக்குச் சொந்தமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்.

"அந்த வால்வுதானே டாக்டர் அவன் ரத்தத்தை உடைச்சுது?"

"ஆமா."

"அதை வைக்கச் சொன்னது நான். அவன் பயந்தான், வேணாம்னான். நான்தான் திட்டி, அதட்டிப் படுக்க வெச்சேன்."

இதை இவள் இதுவரை கேட்டதில்லை. வால்வு வைத்த நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த நாத்தனாரைத்தான் இவளுக்குத் தெரியும்.

மறுமுனையில் பேனா மூடும் சத்தம் கேட்டது. "அம்மா, அது இல்லேன்னா அவர் அந்த வருஷமே போயிருப்பார். பொண்ணு வளர்ந்ததைப் பார்த்திருக்க மாட்டார். இன்னொண்ணும் சொல்றேன். உலோக வால்வு எப்பவும் கொஞ்சம் உடைச்சுக்கிட்டேதான் இருக்கும். இத்தனை வருஷம் அது யாருக்கும் தெரியாமலே இருந்ததே, எப்படி? உடைய உடைய அவர் ஈரல் புதுசா புதுசா ஆள் அனுப்பி, கெட்டுப்போகறதுக்குள்ள பிடிச்சு, சத்தமில்லாம ஒப்படைச்சுக்கிட்டே இருந்திருக்கு. தையல் விட்ட பிறகும் முடிஞ்ச வரைக்கும் அனுப்பிச்சுது. நல்ல உடம்பும்மா அது. நீங்க வளர்த்த உடம்பு."

நாத்தனார் போனைக் கட்டில்மேல் வைத்தாள். அணைக்கவில்லை, டாக்டரே வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதா" என்றாள், யாரிடமோ போல. "இத்துப்போன துணியில தையல் நிக்காது. ஊசி போற இடமெல்லாம் கிழியும். கடைக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்லி அனுப்புவேன். தம்பின்னதும் புத்தி போயிடுச்சு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் குடு" என்றாள்.

மீதி இருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை உதறினாள். இருவரும் சேர்ந்து அதை அவருக்குப் போட்டுவிட்டார்கள். தோள் அளவு நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் வந்தாள். அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து, அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீ அழவே இல்லையாம்மா?"

"வரலடி."

"உள்ளயே வெச்சுக்காதம்மா."

"உள்ளயும் ஒண்ணும் இல்லடி. தூக்கம்தான் வருது."

மகள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். நாத்தனார் அப்படிப் பார்க்கவில்லை. ஆனால் தூங்க யார் விட்டார்கள்? பெயிண்ட் கடைக்காரர்கள், பழைய வாடிக்கைக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று விடியும்வரை ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பெயிண்ட் கடை முதலாளி, "இவர் கலந்து குடுத்த நீலத்துலதான் எங்க வீடு இன்னும் நிக்குது" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை மயானத்துக்குப் போய்வரப் பள்ளிக்கூடத்து வேனையே அனுப்பியிருந்தார்கள். ஓட்டுநருக்கு 'ஹாரன்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெயருக்கு அவர் என்றும் குறை வைத்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது மகள் உறவினர்களோடு பின்னால் ஏறிக்கொள்ள, இவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேன் நகர்ந்தது. காற்று முகத்தில் பட்டது. தலை ஒருமுறை ஆடி விழுந்தது. வழக்கம்போலத் திடுக்கிட்டு, யாரையோ பிடிக்கக் கையை நீட்டினாள். பிடிக்க வேண்டியவர் இல்லை என்பது நினைவு வந்ததும் கை மடியில் விழுந்தது. அடுத்த முறை தலை சாய்ந்தபோது நாத்தனாரின் தோள் இருந்தது. அதிலிருந்து தையல்கடைச் சாக்கட்டி வாசனை வந்தது. அதன் பிறகு தெரு தெரியவில்லை.

வேன் வேகம் குறைவதும், யாரோ இறங்கத் தயாராகிச் செருப்பைத் தேடுவதும் எங்கோ தூரத்தில் கேட்டது. வீடு வந்துவிட்டது போலிருந்தது. கண்ணைத் திறக்க நினைத்தாள், இமை கேட்கவில்லை.

"நிறுத்தாதப்பா" என்று நாத்தனாரின் குரல் அடங்கி ஒலித்தது. "இன்னொரு சுத்து போயிட்டு வா."

"எந்தப் பக்கம்கா?"

"எந்தப் பக்கமாவது போ. ஹாரன் மட்டும் அடிக்காத."

வேன் வாசலைத் தாண்டிப் போனது.